அணி கற்பித்த புகழ்ப்பாக்கள்

நடுநிலைப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள், தேர்வு நெருங்கும்போது உவமை, உருவகம், பிறிது மொழிதல் என்று அணிகளின் பெயர்களை உருப்போடுவதை நாம் வீடுதோறும் கேட்கின்றோம். பெயரைச் சொன்னால் இலக்கணம் தடையின்றி வருகின்றது. முன்பின் காணாத பாடலொன்றைத் தந்து, 'இதில் அணி எங்கே?' என்று கேட்டால் விழிக்கின்றார்கள். இவ்விடர்ப்பாடு புதியதன்று. அரபு மொழியில் அணி கற்பித்தோரும் பெயருக்கும் பாட்டுக்கும் இடையே பன்னெடுங்காலம் அல்லாடியிருக்கின்றனர்.

அப்பாஸிய இளவரசர் இப்னுல் முஃதஸ் ஹிஜ்ரி 274இல் 'கிதாபுல் பதீஉ' என்னும் நூலை இயற்றினார். அரபு அணிகளைத் தனித்துறையாக எடுத்துப் பேசிய முதல் நூலாக அறிஞர் இதனைக் கருதுவர். (கி.பி. 908இல் ஒரே ஒரு நாள் கலீஃபாவாக இருந்து உயிர் துறந்தவரும் இவரே. அது வேறு கதை.) அவர் தலையாயவையாகக் கொண்ட அணிகள் ஐந்தே. அணிநயம் புதுக்கவிஞர்கள் கண்டுபிடித்ததன்று. திருக்குர்ஆனிலும் நபிமொழியிலும் பழங்கவிதையிலும் முன்னரே உள்ளது என்று சான்றுகளை அடுக்கிக் காட்டினார். ஆக, நயம் முந்தியது, பெயர் பிந்தியது.

பின்வந்தோர் விட்டார்களா? ஐந்து, நூற்றையும் தாண்டி வளர்ந்தது. மாணாக்கர் இத்தனையையும் நினைவில் வைப்பது எவ்வாறு? கி.பி. 14ஆம் நூற்றாண்டில் இராக்கின் ஹில்லா நகரத்துக் கவிஞர் ஸஃபியுத்தீன் அல்ஹில்லீ அதற்கொரு வழி கண்டார். நம் இல்லங்களில் ஓதக் கேட்டுப் பழகிய இமாம் பூஸிரி (ரஹ்) அவர்களின் புர்தாவினுடைய அதே யாப்பில், அதே மீம் இயைபில், நபி பெருமானார் (ஸல்) அவர்கள்மீது 145 அடிகளில் ஒரு புகழ்ப்பா பாடினார். அடிதோறும் ஓர் அணியேனும் எடுத்துக்காட்டாக அமைந்தது. பாவை மனனம் செய்தவன் அணிகளையும் கைவரப் பெற்றான். இவ்வகைப் பாக்களுக்கு 'பதீஇய்யா' என்று பெயர்.

அடுத்து வந்த இஸ்ஸுத்தீன் அல்மௌஸிலீ (இறப்பு 1387) ஒரு படி மேலே சென்றார். அணியின் பெயரும் அந்தந்த அடிக்குள்ளேயே சிலேடையாக வரவேண்டும் என்று தமக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டார். தமிழில் எண்ணிப் பாருங்கள்: உவமையணிக்குக் காட்டும் பாட்டில் 'உவமை' என்ற சொல்லும் வேறொரு பொருளில் வந்து உட்கார வேண்டும்! மாணாக்கனுக்கு வசதிதான், கவிதைக்கு மூச்சு முட்டியது. இப்னு ஹிஜ்ஜா அல்ஹமவீ (இறப்பு 1434) மௌஸிலீயின் அடிகள் பலவற்றைச் செயற்கையென்று கடிந்தார். ஆயினும் அவரும் அதே விலங்கை விரும்பி அணிந்துகொண்டே பாடினார் என்பது வேடிக்கை.

விலங்கைக் கழற்றியவர்களுள் நாம் நினைவுகூரத் தக்கவர் ஒரு பெண்மணி. திமிஷ்கு நகரத்து ஆயிஷா அல்பாஊனிய்யா, 1517இல் மறைந்தவர். கல்வியாளர் குடும்பத்தில் பிறந்து, மார்க்க அறிவிலும் கவிதையிலும் புகழ்பெற்றவர். அவரும் ஒரு பதீஇய்யா இயற்றினார். அணிகளின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டிலிருந்து இப்பாவை விடுவித்திருப்பதாக முன்னுரையிலேயே குறித்தார். பெயர்களையும் இலக்கணத்தையும், அப்பாவுக்குத் தாமே வரைந்த உரைக்கு ஒதுக்கிவிட்டார்.