மல்லாட்டையும் மூன்று கப் ஜெல்லியும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்தாலும் பாடத்தை நிறுத்தாத ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். விருந்தில் ஆரம்பித்து, என்னுடைய ஒரு பழைய தப்பில் வந்து முடிப்பேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன கோடையில் டல்லாஸில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை அவன் நண்பர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுவந்து மேசையில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிற விருந்து. மகனோடு வேலை பார்க்கும் ஒரு அம்மா, பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் பிறந்தவர், பாதி மேசையை அவரே நிரப்பிவிட்டார். ஓரத்தில் ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னக் கப்புகளில் மஞ்சள் நிற ஜெல்லி. பேத்திக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வைத்தது என்று நினைத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அன்னாசி வாசம், எலுமிச்சைப் புளிப்பு. நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு. நாலாவதுக்குக் கை நீட்டும்போது மருமகள் ஓடிவந்தாள்.

"மாமா, அது பிள்ளைகளுக்குச் செஞ்சது இல்ல. உள்ள சரக்கு இருக்கு!"

68 வயதில், வாழ்நாளில் முதல் தடவையாக, பேரன் பேத்தி முன்னால் நான் மது அருந்திவிட்டேன். அதுவும் கரண்டியால். அன்று இரவு கொஞ்சம் கூடுதலாகப் பேசினேன் என்று மகன் சொல்கிறான். அது எப்போதும் உள்ளதுதானே என்று நான் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மாவிடம் போனில் செய்முறை கேட்டோம். கொதிக்கும் சாற்றில் ஜெலட்டின் பொடியைக் கரைக்க வேண்டும். சூடு தணிந்த பிறகு மதுவைச் சேர்த்து, கப்புகளில் ஊற்றி, நாலு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் முடிந்தது. அன்னாசிச் சாற்றை மட்டும் முதலில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டுமாம். பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கிற ஒரு நொதி இருக்கிறது. ஜெலட்டின் புரதம் என்பதால், சாறு பச்சையாக இருந்தால் ஜெல்லி கட்டாமல் தண்ணீராகவே நிற்கும். கொதித்தால் நொதி செத்துவிடும்.

ஜெலட்டின் என்றதும் ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைக்காதீர்கள். ஆட்டுக்கால் சூப் மிஞ்சி, மறுநாள் காலையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கட்டியாக ஆடுமே, அதுதான். எலும்பும் தோலும் வெந்து இறங்கிய சத்து. லிமாவில் மாட்டுக் குளம்பை வேகவைத்து இனிப்பு ஜெல்லியாகத் தெருவில் விற்பது பழைய வழக்கம். நம் வீடுகளில் ஜெல்லிக்கு ஜெலட்டின் வராததற்கு மரக்கறி ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். நம்ம செட்டியார்பட்டிச் சித்திரையில் ஜெலட்டின் தட்டிலேயே உருகி ஓடும். அதனால் நாம் சைனா கிராஸ் பக்கம் போனோம். அது கடல்பாசியிலிருந்து எடுப்பது, வெயிலில் உருகாது. நோன்புக் காலத்தில் இஸ்லாமிய நண்பர்கள் வீட்டிலிருந்து ரோஸ் நிறத்தில் வருமே, அந்தக் கடல்பாசிதான். அதற்கான பாசியை மன்னார் வளைகுடாவில், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் முக்குளித்துப் பறித்து வருகிறார்கள்.

இனி அந்த ஜெல்லியின் பெயருக்கு வருகிறேன். 'பிஸ்கோ பஞ்ச்' என்ற பானத்தைத்தான் அந்த அம்மா ஜெல்லியாகக் கட்டியிருந்தார். இந்த இரண்டு சொல்லில் உலக வரலாறே இருக்கிறது.

பிஸ்கோ என்பது பெரு நாட்டுக் கடற்கரையில் ஒரு துறைமுகம். அந்த மண்ணின் கெச்சுவா மொழியில் 'பறவை' என்று பொருள். ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்து நட்ட திராட்சையைக் காய்ச்சி வடித்த மது, ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயரையே பெற்றது.

பஞ்ச் என்ற சொல் போனது நம் நாட்டிலிருந்து. 'பஞ்ச' என்றால் ஐந்து. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சேர்ந்த பானம் என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் 1632-இல் எழுதிய கடிதத்திலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா போனது. 19-ஆம் நூற்றாண்டில் சான் பிரான்சிஸ்கோவின் மதுக்கடை ஒன்றில் பெருவின் பிஸ்கோவும் நம் பஞ்சும் ஒரே கோப்பைக்குள் வந்தன.

அதை ஜெல்லியாக்குவதும் இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு இல்லை. 1862-இல் ஜெரி தாமஸ் என்ற அமெரிக்கர் வெளியிட்ட பானங்கள் பற்றிய புத்தகத்தில் 'பஞ்ச் ஜெல்லி' இருக்கிறது. வீரியம் இனிப்புக்குள் ஒளிந்திருப்பதால் அளவு தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, விருந்துக்குப் பின் நடனமாட முடியாமல் போனவர்கள் உண்டு என்று அவர் அப்போதே எச்சரித்திருக்கிறார். ஜெல்-ஓ என்ற பாக்கெட் ஜெல்லி வந்தது அதற்கு 35 வருடம் கழித்து, 1897-இல். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இதைச் செய்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், தனித் தட்டில், பெயர் எழுதி வையுங்கள். வாத்தியாரே ஏமாந்த பண்டம், பிள்ளைகள் ஏமாறாதா?

மேசையில் இருந்த மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அவித்து மசித்த உருளைக்கிழங்கில் எலுமிச்சையும் மஞ்சள் மிளகாய் விழுதும் பிசைந்து அடுக்கடுக்காக வைத்த 'காவ்சா'. எண்ணெய்விட்டு வறுத்த மக்காச்சோளம். பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த 'செவிச்சே'. வேகாத மீனா என்று நான் தயங்க, புளிப்பிலேயே மீன் வெளுத்து இறுகிவிடும் என்றார்கள். தட்டில் மிஞ்சும் சாற்றுக்கு அவர்கள் ஊரில் 'புலிப்பால்' என்று பெயராம்! கார்த்திகை மாதம் மாலை போடுகிற ஊர்க்காரனுக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வராதா? ஐயப்பன் காட்டுக்குப் போய் வாங்கி வந்ததை, இவர்கள் கரண்டியால் குடிக்கிறார்கள்.

கடைசியாக ஒரு குழம்பு. 'கராபுல்க்ரா' என்று பெயர். பிஸ்கோ காய்ச்சுகிற இக்கா பகுதியில் பேர்போனது. அவித்து வெயிலில் காயவைத்த உருளைக்கிழங்கு, மிளகாய் விழுது, வறுத்து அரைத்த நிலக்கடலை, இறைச்சி. வாயில் வைத்ததும் எனக்கு எங்கள் அம்மா ஞாபகம். கிழங்கு வற்றலும் வறுத்த கடலையும் சேர்ந்த அந்த வாசம் எங்கள் வீட்டு அடுப்படி வாசம். இது எப்படி என்று யோசித்தேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. உருளைக்கிழங்கு அவர்களுடையது. டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய ஆண்டிஸ் மலைப்பகுதியில் ஏழாயிரம் வருடங்களுக்கு முன்பே பயிரானது. இன்றும் பெருவில் 3000-க்கு மேல் ரகங்கள் உண்டு. மிளகாய்க் குடும்பமும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்ததுதான். நம் குண்டு மிளகாயின் முன்னோர் மெக்சிகோ, அவர்களின் மஞ்சள் மிளகாய் ஆண்டிஸ் பக்கம். நிலக்கடலையின் பிறப்பிடம் இன்றைய பொலிவியா, வட அர்ஜென்டினா எல்லை. அங்கிருந்து ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பே பெருவின் கடற்கரைக்கு வந்துவிட்டது.

1987-இல் வட பெருவில் சிப்பான் என்ற ஊரில் வால்டர் ஆல்வா என்ற அகழாய்வாளர் ஒரு மோச்சே அரசனின் கல்லறையைத் திறந்தார். சுமார் 1700 வருடம் பழையது. அந்த அரசன் கழுத்தில் ஒரு ஆரம். பத்துக் கடலைக்காய் தங்கத்தில், பத்து வெள்ளியில். நாம் பஸ் ஸ்டாண்டில் பொட்டலம் கட்டி விற்கிற கடலை, அங்கே அரசன் மார்பில் கிடந்தது.

அது நம்மிடம் எப்படி வந்தது? ஒரு பாதை பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போனது. இன்னொன்று ஸ்பெயின்காரர்களின் பாதை. 1565 முதல் 1815 வரை 250 வருடம் மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குக் கப்பல் ஓடியது. வெள்ளியோடு விதைகளும் பயணம் செய்தன. மணிலாவிலிருந்து ஆசியாவெங்கும் பரவின. இதற்கு நம்மிடம் உள்ள சாட்சி ஒரு சொல். திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் நிலக்கடலைக்கு 'மணிலாக்கொட்டை' என்று பெயர். பேச்சில் தேய்ந்து 'மல்லாட்டை'. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்சேய்க்கு எண்ணெய்க்காகக் கப்பல் கப்பலாகப் போனது இந்த மல்லாட்டைதான்.

இந்த இடத்தில்தான் என் தப்பு வருகிறது.

1980-களில் எட்டாம் வகுப்புக்கு நான் சரித்திர, பூகோள வாத்தியார். நம் பக்கத்துச் செவல் காட்டில் மானாவாரியாக என்ன விளையும் என்று கேட்டேன். அப்பாவின் வேலை மாற்றலால் திண்டிவனம் பக்கமிருந்து புதிதாக வந்த ஒரு பையன் முதலில் எழுந்து, "மல்லாட்டை, சார்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். "அந்தப் பேச்செல்லாம் உங்க ஊரோட வச்சுக்க. இங்க கடலைன்னு சொல்லு" என்றேன். நாலைந்து நாள் மற்றப் பையன்கள் அவனை 'மல்லாட்டை' என்றே கூப்பிட்டார்கள். நான் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். அதற்குப் பிறகு அவன் என் வகுப்பில் கை தூக்கியதே இல்லை. மறு வருடம் அப்பாவுக்கு மாற்றல் வந்து போய்விட்டான்.

'கடலை' என்று நான் திருத்தினேனே, அந்தச் சொல்லை யோசித்துப் பாருங்கள். அது பழைய கொண்டைக்கடலையின் பெயர். புதிதாக வந்த கொட்டைக்கு முன்னால் 'நிலம்' சேர்த்து நாம் ஒட்டவைத்துக்கொண்டோம். வந்த வழியை மறந்த பெயர் நம்முடையது. அந்தப் பையன் சொன்ன பெயரில் கப்பலும் துறைமுகமும் 250 வருட வாணிபமும் இருந்தன. சரித்திரத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றவனை, சரித்திர வாத்தியார் சிரித்து உட்காரவைத்துவிட்டேன்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் மண்ணின் பெருமை என்று நானும் இங்கே பதிவு போட்டேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கருப்பட்டியையும் வெல்லத்தையும் பாகு காய்ச்சும் கைப்பக்குவம் நம்முடையது. வந்த பொருளை நம்முடையதாக ஆக்கிக்கொள்வதும் பெருமைதான். வந்த வழியை மறப்பதும், அதை நினைவில் வைத்திருப்பவனைப் பார்த்துச் சிரிப்பதும்தான் தப்பு.

அந்த எட்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். பெயரை இங்கே எழுத வேண்டாம், கமெண்டிலும் போட வேண்டாம். அவனிடம் மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அவன் சொன்ன விடை சரி. முழு மதிப்பெண். திருத்தியவர்தான் தப்பு.

ஊருக்குத் திரும்பும்போது அந்த லிமா அம்மாவுக்குக் கொடுக்க எங்கள் பெட்டியில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் மிச்சம் இருந்தது. பிரித்துப் பார்த்தவர், "இது எங்கள் கடலை" என்றார். ஆமாம் என்றேன். "மிட்டாய்?" என்றார். அது எங்களுடையது என்றேன். இருவரும் சிரித்தோம். இந்தத் தடவை யாரும் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.