வழிகாட்டும் அலையும் வழிமறிக்கும் அலையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்கரையில் அமைந்தது சீனன்குடா. ஒருபால் விமான ஓடுதளம். மறுபால் காட்டினூடே வரிசை வரிசையாக நிற்கும் பழைய எண்ணெய்க் குதங்கள். இரண்டும் பிரித்தானியர் விட்டுச் சென்றவை. இவ்வூரின் வரலாற்றை உரைப்போர் கப்பல்களைப் பற்றியும் விமானங்களைப் பற்றியும் உரைப்பர். கண்ணுக்குப் புலனாகாத வானொலி அலையைக் குறிப்பிடுவோர் சிலரே. ஆயினும், இவ்வூர் கண்ட மிகக் கொடிய காலைப்பொழுதை முதலில் அறிவித்தது அந்த அலையே.

1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலையில், ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை திருகோணமலையை நோக்கி வந்தன. அவை ஏறத்தாழ 90 மைல் தொலைவில் வரும்போதே கரையிலிருந்த ராடார் நிலையம் அவற்றைக் கண்டுகொண்டது. சீனன்குடாவின் ஹரிகேன் போர் விமானங்கள் பகைவர் வருமுன்னரே வானில் எழுந்தன. நான்கு நாட்களுக்கு முன் கொழும்பு தாக்கப்பட்டபொழுது அத்தகைய எச்சரிக்கை கிட்டவில்லை. இரத்மலானையிலிருந்த விமானங்கள் பகைவர் தலைக்குமேல் வந்த பின்னரே கிளம்ப நேர்ந்தது. திருகோணமலையிலும் சேதம் பெரிதாகவே இருந்தது. எனினும், அலை கொணரும் செய்தியின் அருமையை இவ்விரு நாட்களும் ஒருங்கே உணர்த்தின.

அலையின் பயனை அறிந்தவன் அதனைக் கெடுக்கும் வழியையும் விரைவில் அறிந்துகொள்கிறான். 1904ஆம் ஆண்டிலேயே, ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியக் கப்பல்கள் பீரங்கியால் தாக்கியபொழுது, அவற்றின் கம்பியில்லாத் தந்திச் செய்திகளை ரஷ்யர் தம் கருவிகளால் குழப்பினர். 1940இல் ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் வானொலிக் கற்றைகளைப் பின்பற்றி இருளிலும் வழிகண்டு இங்கிலாந்துக்கு வந்தன. அக்கற்றைகளைக் கெடுப்பதற்கு ஆங்கிலேயர் முதலில் கையிலெடுத்தவை, மருத்துவமனைகளில் நோயாளருக்கு வெப்பமூட்டும் மின்கருவிகளேயாம். நோய் தீர்க்கும் கருவியே தடையலை எழுப்பும் கருவியாயிற்று.

செய்மதிகளின் காலம் பிறந்தபோது வழிகாட்டும் அலை விண்ணிலிருந்தே வரலாயிற்று. ஜீ.பீ.எஸ். எனப்படும் முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973இல் தொடங்கியது. அதன் முதற் செய்மதி 1978இல் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பர் 1ஆம் நாள், வழி தவறிச் சோவியத் எல்லைக்குட் சென்ற கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். அதன் பின்னரே, இக்குறிகள் உலகத்தின் பொதுப் பாவனைக்கும் அளிக்கப்படும் என ஜனாதிபதி ரேகனின் அரசு அறிவித்தது. ஆயினும், பொதுமக்களுக்குரிய குறியில் ஏறத்தாழ 100 மீற்றர் வரை பிழை ஏற்படுமாறு வேண்டுமென்றே குழப்பம் புகுத்தப்பட்டிருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அது நீக்கப்பட்டது. நூறு மீற்றர் பிழையோடு எச்சிறு பொறியும் ஓரிடத்தில் அசையாது நிற்றல் இயலாது. ஆகவே, இன்று இளைஞர் பொழுதுபோக்காகப் பறக்கவிடும் ட்ரோன் அந்த ஆணையின் பேரப்பிள்ளை எனலாம்.

இக்கொடையில் ஒரு பெருங் குறையும் உண்டு. செய்மதிகள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் உலவுகின்றன. அங்கிருந்து வரும் குறி பூமியை அடையும்போது, கோயிற் றிருவிழாவில் தவில் முழங்குகையில் தொலைவில் நின்று ஒருவர் மெல்லக் கூறும் சொல்லைப்போல நலிந்துவிடுகிறது. 2008இல் பிரித்தானிய வெளிச்சவீட்டு அதிகாரிகள் பிளம்பரோ முனைக் கடலில் ஒரு பரீட்சை நடத்தினர். ஏறத்தாழ ஒன்றரை வாற்று வலுவேயுள்ள தடையலைக் கருவியின் எல்லைக்குள் புகுந்ததும், கடலில் மிதந்த கப்பலைத் தரையில் நிற்பதாகக் கருவிகள் காட்டின. அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில், சன் டியாகோ துறைமுகத்தில் அமெரிக்கக் கடற்படை நடத்திய தடையலைப் பயிற்சி எதிர்பாராது நகரத்தையும் பாதித்தது. மருத்துவர்களை அவசரமாக அழைக்கும் கருவிகள் வாய்மூடின. காரணம் இன்னதெனக் கண்டறியவே சில நாட்கள் சென்றன.

சீனன்குடா போன்ற ஓரிடத்தில் இத்தகைய பரீட்சை நடக்குமாயின், அங்கு பறக்கும் சிறு ட்ரோனின் கதி யாது? குறி மறைந்தவுடன் அது தன் இடத்தை மறந்துவிடும். காற்றடிக்கும் பக்கம் ஒதுங்கத் தொடங்கும். புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும் ஏற்பாடும் பயனற்றதாகும். தான் நிற்குமிடம் அறியாதது வீட்டுக்கு வழி காண்பது எங்ஙனம்? நிலத்தைப் பார்த்து நிலைகொள்ளும் கண்கள் சில ட்ரோன்களில் உண்டு. ஆனால் அசையும் நீர்ப்பரப்பின்மேல் அக்கண்கள் ஏமாந்துபோகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் உப்புவெளிக் கரையிற் குறியிழந்த பொறி நேரே ஆழ்கடலை நோக்கிச் செல்லும். தடையலையிலும் கொடியது பொய்யலை. அது குறியை மறைப்பதில்லை. பொய்யான இடத்தைக் கூறும். விமான நிலையத்தருகே நிற்பதாக நம்பி, ஊர்மக்கள் நடமாடும் தெருவில் ட்ரோன் தானே இறங்கிவிடவுங்கூடும்.

அரசுக்கும் நியாயம் உண்டு. 2008 ஆகஸ்ட் 26ஆம் நாள் இரவு, திருகோணமலைக் கடற்படைத் தளத்தின்மீது விடுதலைப் புலிகள் சிறு விமானத்திலிருந்து குண்டு வீசினர். 2019 ஏப்ரல் 21ஆம் நாட் குண்டுவெடிப்புகளை அடுத்து, ட்ரோன் பறத்தலைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை தடைசெய்தது. ஓடுதளமும் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் அருகருகே உள்ள இடத்தில், வானிற் செல்லும் சிறு பொறியை ஐயத்துடன் நோக்குதல் இயல்பே. தடுக்கும் கருவியைப் பரீட்சியாமல் அதனை நம்புதலும் இயலாது.

ஆகவே கேள்வி, பரீட்சை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அறிவிப்போடு நடக்குமா என்பதே. பிரித்தானியாவில் தடையலைப் பரீட்சையின் இடமும் நாளும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. அமெரிக்காவில் விமானிகளுக்கு அறிவிப்பு விடுக்கப்படுகிறது. ஆபத்து நேரின் தடையலையை உடனே நிறுத்துமாறு கேட்கும் வழக்கமும் உண்டு. ஆயினும், விமானிகளுக்கான அறிவிப்பைப் பொழுதுபோக்காக ட்ரோன் விடும் இளைஞன் படிப்பதில்லை. அவன் படிக்கும் மொழியில், அவன் பார்க்கும் இடத்தில் அது வெளிவருதல் வேண்டும். அவனும் உரிய அனுமதி பெற்று, பொறியைக் கண்பார்வைக்குள் வைத்து, குறியின் துணையின்றிக் கையாற் செலுத்தப் பழகுதல் வேண்டும்.

1942இல் சீனன்குடாவின் விமானங்கள் நேரத்தோடு வானில் எழுந்தமைக்குக் காரணம் முன்னறிவிப்பு. பெரும் படைக்கு அன்று உதவிய அந்த அறம், கரையில் நின்று சிறு பொறி விடும் ஒருவனுக்கும் உரியதே.