மகமைக் காசு

எங்கள் தாத்தாவின் பலசரக்குக் கடைப் பேரேட்டில் மகமைக்கென்று தனிப்பக்கம் உண்டு. மூட்டைக்கு இத்தனை காசு என்று எடுத்துவைத்து உறவின்முறைக்குக் கட்டுவார். “கட்டலேன்னா என்ன தாத்தா?” என்று ஒருமுறை கேட்டேன். “அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு எவன்டா போவான்?” என்றார்.

2000இல் எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர் என்ற பொருளியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நாலு பேர், ஆளுக்கு 20 காசு. பொதுவில் போடும் ஒவ்வொரு காசுக்கும் நாலு பேருக்குமே 0.4 காசு கிடைக்கும். எல்லாரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32. மற்ற மூவரும் போட்டு நான் மட்டும் பதுக்கினால் எனக்கு 44! சுற்றுக்குச் சுற்று பொதுப்பணம் வற்றியது. கைக்காசைச் செலவழித்துப் பதுக்குகிறவரைத் தண்டிக்கலாம் என்றதும் பணம் சேர்ந்தது.

சிவகாசி, விருதுநகர் நாடார் வணிகர்களுக்கு இது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். வண்டிப்பேட்டைகளைக் காத்த மகமைதான் பிறகு பள்ளிக்கூடமும் கட்டியது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வந்ததுதான். அபராதம், விலக்கிவைத்தல் எல்லாம் உறவின்முறையின் கையில் இருந்தன.

சோதனைக்கூடத்தில் தண்டனை பெரும்பாலும் பதுக்கியவருக்குத்தான். ஊரில் அது அங்கே நிற்பதில்லை. எங்கள் அத்தை வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டார். யாருடைய காசையும் அவர் பதுக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்குச் சொந்தத்தில் ஒருவரும் போகவில்லை. தாத்தாவும்தான்.