துருவுக்கும் ஒரு வரலாறு உண்டு

அமெரிக்காவின் மோட்டார் வாகனக் கண்காட்சிகளில், கண்ணாடி போல மின்னும் கார்களின் வரிசைக்கு அப்பால், துருப்பிடித்த கூடுகள் சில நிறுத்தப்பட்டிருப்பதைக் காணலாம். எஞ்சினை மூடும் தகடு இருக்காது. கூரை பல அங்குலம் வெட்டித் தாழ்த்தப்பட்டிருக்கும். ஆசனம் ஏதோவொரு பழைய உழவு இயந்திரத்தில் இருந்து வந்திருக்கும். கியர் தண்டின் தலையில் பழைய கருவியொன்றின் பிடி பொருத்தப்பட்டிருக்கும். பழைய இரும்புக் கடையில் இருந்து தப்பி வந்தது போன்ற இந்த வாகனத்தை 'ரற் ரொட்' என்கிறார்கள். 'ரற்' என்றால் எலி. இலட்சக்கணக்கான டொலர் செலவில் உருவான கார்களை விட்டுவிட்டு இந்த எலிகளைச் சுற்றிக் கூட்டம் கூடுவது ஏன்? விடையைத் தேடினால் ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1908 முதல் 1927 வரை ஹென்றி போர்ட்டின் நிறுவனம் 'மொடல் ரி' கார்களை ஒரு கோடி ஐம்பது இலட்சம் வரையில் உற்பத்தி செய்தது. அதனைத் தொடர்ந்து வந்த 'மொடல் ஏ' 1931 வரையில் ஏறத்தாழ 48 இலட்சம் விற்பனையானது. 1932 இல் அதே நிறுவனம் எட்டு உருளைகளைக் கொண்ட 'வீ-8' எஞ்சினைச் சாதாரண மக்களின் காரில் பொருத்தியது. அதற்கு முன்னர் அத்தகைய எஞ்சின் பெரும்பாலும் செல்வந்தரின் வாகனங்களிலேயே இருந்தது. 65 குதிரை வலுக் கொண்ட அந்தக் காரின் மலிவான வகை 500 டொலருக்கும் குறைந்த விலையில் கிடைத்தது.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். வேலையில்லாத இளைஞர்களால் புதிய கார் வாங்க முடியவில்லை. ஆனால் பழைய 'ரி' யும் 'ஏ' யும் ஊரெங்கும் மலிந்து கிடந்தன. தென் கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றைச் சில டொலர்களுக்கு வாங்கி, மட்காட், கூரை, விளக்கு என வேகத்துக்குத் தேவையற்ற அனைத்தையும் கழற்றி எறிந்தார்கள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதே அவர்களுடைய விஞ்ஞானம். மொஹாவி பாலைவனத்தில் மியூரொக் போன்ற வற்றிய ஏரிப் படுக்கைகள் அவர்களின் ஓடுகளங்களாயின. 1937 இல் தென் கலிபோர்னிய ரைமிங் சங்கம் உருவாகி அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தியது. மியூரொக் பின்னர் விமானப்படையின் வசமாகி, எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளத்தின் பகுதியாயிற்று.

இரண்டாம் உலகப் போர் இந்த இளைஞர்களைக் களமுனைக்கு அனுப்பியது. போர்விமானங்களையும் தாங்கிகளையும் பழுதுபார்த்துப் பழகிய கைகளோடு அவர்கள் திரும்பி வந்தார்கள். அலெக்ஸ் சைடியஸ் 1946 இல் வாகனங்களின் வேகத்தைக் கூட்டும் உதிரிப்பாகக் கடையொன்றைத் திறந்தார். அதே ஆண்டில் பில் பேர்க், போர்விமானங்களின் மேலதிக எரிபொருள் தாங்கியை வாகனத்தின் கூடாக மாற்றி ஏரிப்படுக்கையில் ஓட்டினார். போரின் கழிவு வேகத்தின் கருவியாயிற்று. 1948 ஜனவரியில் 'ஹொட் ரொட்' சஞ்சிகை 25 சதத்துக்கு விற்பனைக்கு வந்தது. அதுவரை ஒரு கராஜில் இருந்து இன்னொரு கராஜுக்கு வாய்மொழியாகச் சென்ற நுட்பங்கள் அச்சில் ஏறத் தொடங்கின. இது சிறிய விடயமல்ல. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

ஏழ்மையில் பிறந்த எந்தக் கலையையும் போல ஹொட் ரொட்டும் வசதி படைத்தவர்களின் கைக்குச் சென்றது. 1964 இல் பொன்ரியக் ஜீ.ரி.ஓ. போன்ற கார்கள் வந்தபோது, முன்னர் கையால் உருவாக்கிய வேகத்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தது. பழைய கார்கள் ஓட்டத்துக்கு அன்றி அழகுக்காகச் செய்யப்படலாயின. 1980 களிலும் 1990 களிலும் கலிபோர்னியாவின் பொய்ட் கொடிங்ரன் போன்றோரின் பட்டறைகளில், திண்ம அலுமினியக் கட்டியில் இருந்து கடைந்தெடுத்த சக்கரங்களும் மாசுமறுவற்ற வர்ணப் பூச்சும் கோலோச்சின. தொழில்நேர்த்தியில் அவை உச்சம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வாறான கார்கள் பல வீதியில் ஓடவில்லை. இழுவை வண்டியில் ஏறிக் கண்காட்சிக்குச் சென்று, அதே வண்டியில் ஏறி வீடு திரும்பின.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததே ரற் ரொட். இப்பெயரின் தோற்றம் குறித்து வாதங்கள் உண்டு. 'ஹொட் ரொட்' சஞ்சிகையின் எழுத்தாளரும் 2002 இல் காலமானவருமான கிரே பாஸ்கவிலையே பலரும் சுட்டுகிறார்கள். ஏளனமாகப் பிறந்த பெயரை ஏளனத்துக்கு உள்ளானவர்களே பெருமையுடன் சூடிக்கொண்டார்கள். அவர்களின் நியாயம் எளிமையானது. மழையில் ஓட்டலாம், கீறல் விழுந்தால் கவலையில்லை, குழந்தைகள் ஏறி விளையாடலாம். வங்கிக் கணக்கை விடக் கற்பனையும் ஒட்டுவேலைத் திறனுமே இங்கு மூலதனம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காரின் ஒவ்வொரு பாகத்திலும் அதைச் செய்தவனின் கை தெரிகிறது.

ஆனால் பழைய தலைமுறை ஹொட் ரொட் காரர்கள் சிலர் இதனை ஏற்பதில்லை. அவர்களின் ஆட்சேபம் கவனிக்கத்தக்கது. 1940 களின் இளைஞன் துருவைக் காதலிக்கவில்லை. அடிப்பூச்சோடு அவன் கார் நின்றதென்றால், மேற்பூச்சுக்கு இன்னும் காசு சேரவில்லை என்பதே பொருள். காசு சேர்ந்ததும் வர்ணம் பூசினான். அவனது இல்லாமையைப் பிற்காலத்தவர்கள் பாணியாக்கிவிட்டார்கள் என்கிறார்கள் அவர்கள். ஒழுங்காக ஒட்டப்படாத அடிச்சட்டமும் பலவீனமான பிரேக்கும் உயிராபத்து என்ற குறையும் உண்டு. வினாகிரியும் உப்பும் தெளித்துப் புதிய தகட்டில் துருவை வரவழைப்பவர்களும், வர்ணத்தாலேயே துருவை வரைபவர்களும் இருக்கிறார்கள். ஏழ்மையின் தோற்றத்துக்கும் இப்போது விலை இருக்கிறது.

யாழ்ப்பாணத்தை அறிந்த எவரும் இந்த இடத்தில் நின்று யோசிக்காமல் இருக்க முடியாது. 1960 களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இன் பின்னரே கதவு அகலத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில், அதற்கு முன் வந்த ஒஸ்ரின்களையும் மொறிஸ் மைனர்களையும் மெக்கானிக்குகளே உயிரோடு வைத்திருந்தார்கள். 1990 இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, குடாநாட்டில் பெற்றோல் பொன்னிலும் அரிதாயிற்று. அந்தக் கிழட்டுக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே சில சொட்டுப் பெற்றோலைக் கார்புரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, கரி படிந்தது, எரியாத மண்ணெண்ணெய் கசிந்து எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. ஆயினும் நோயாளிகள் வைத்தியசாலைக்குச் சென்றார்கள். மணமக்கள் மண்டபத்துக்குச் சென்றார்கள். அவற்றின் அமுக்க விகிதம் குறைவு என்பதாலும், இலத்திரனியல் எதுவும் இல்லை என்பதாலும் இது சாத்தியமாயிற்று. நவீன கார்கள் செயலற்று நின்ற இடத்தில் பழையவை ஓடின.

இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. கலிபோர்னியாவின் எலி, விரும்பித் தெரிந்த எளிமை. யாழ்ப்பாணத்தின் ஒஸ்ரின், திணிக்கப்பட்ட இல்லாமை. முன்னதைச் செய்பவர் சலித்தால் வேறு கார் வாங்கலாம். பின்னதை ஓட்டியவருக்கு வேறு வழியில்லை. எமது மக்கள் பட்ட துன்பத்தை ஒரு வேடிக்கைப் படமாகச் சுருக்கிவிடக் கூடாது. ஆனால் இரண்டிலும் ஒரே அறிவு வேலை செய்தது. கையில் கிடைத்ததைக் கொண்டு, கிடைக்காததை ஈடுசெய்யும் அறிவு அது.

வேறுபாடு வேறோரிடத்திலும் இருக்கிறது. 1948 இல் அமெரிக்க இளைஞரின் நுட்பங்களை எழுதிவைக்க 25 சதச் சஞ்சிகை ஒன்று இருந்தது. அதனால்தான் அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் காலத்தை மீட்டுருவாக்கவும், மீட்டுருவாக்கம் சரியா தவறா என்று வாதிடவும் முடிகிறது. எமது மெக்கானிக்குகளின் அறிவோ பெரும்பாலும் அவர்களது கைகளிலேயே தங்கிவிட்டது. அன்று முப்பது வயதில் கராஜ் வைத்திருந்தவர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். சிலர் ஊரில் இருக்கிறார்கள். சிலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுத இன்னும் காலம் இருக்கிறது. அதிக காலம் இல்லை.