வௌவால் குண்டு

இரண்டாம் உலகப்போர்ப் பாடத்தில் பேர்ல் துறைமுகம் முடிந்ததும் நேரே ஹிரோஷிமாவுக்குத் தாவிவிடுவோம். நடுவில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்துக் கார்ல்ஸ்பாட் குகை. 1898 வாக்கில் ஜிம் ஒயிட் என்ற மாடு மேய்க்கும் பையன் தூரத்தில் கரும்புகை எழுவதைப் பார்த்து அருகில் போனான். புகையில்லை, வௌவால்! பிறகு அந்த எச்சத்தை வெட்டியெடுத்து கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு உரமாக அனுப்பினார்கள். குகை பார்க்க வந்த முதல் ஆட்களை இறக்கியதும் அந்த எச்சவாளியில்தான். 1930-ல் தேசியப் பூங்காவானது.

நானும் ஒரு கோடையில் பார்த்தேன். பொழுது சாயும்போது முதலில் நாலைந்து வந்தன. பிறகு வாயிலிலேயே இடஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி மேலேறி, ஆறுபோல ஓடின. கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. சிறகுச் சத்தம் மட்டும். (கேமரா, கைபேசிக்கு அங்கே தடை. படம் கேட்காதீர்கள்.)

1941 டிசம்பரில் இந்தக் குகையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய லைட்டில் ஆடம்ஸ் என்ற பல் மருத்துவர், வழியில் பேர்ல் துறைமுகச் செய்தி கேட்டார். வௌவால் உடலில் சிறு தீக்குண்டைக் கட்டி ஜப்பான் மேல் விட்டால், மர வீடுகளின் கூரையிடுக்கில் போய்த் தங்கும், பிறகு பற்றிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். 1942 ஜனவரியில் வெள்ளை மாளிகைக்கே எழுதினார். குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. ரூஸ்வெல்ட் அதை மேலே அனுப்பினார். நேபாம் கண்டுபிடித்த லூயி ஃபீசரே குண்டு செய்து கொடுத்தார். வௌவால் சுமார் 12 கிராம், குண்டு 17 கிராம்!

1943 மே மாதம், அதே கார்ல்ஸ்பாட் அருகே சோதனை. குண்டோடு தப்பிய சில வௌவால்கள் ராணுவத்தின் புது விமானதளத்துக் கட்டடங்களையே எரித்தன. ஒரு ஜெனரலின் காரும் போயிற்று. சிரிப்பு வரும்தான். ஆனால் சோதனைகளில் செத்தவை வாயில்லா ஜீவன்கள். சுமார் 20 லட்சம் டாலர் கரைந்தபின் 1944-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். அணுகுண்டைவிட இதில் சாவு குறைந்திருக்கும் என்று ஆடம்ஸ் சொல்லி வந்தார். எனக்கு அது ஏற்பில்லை. 1945 மார்ச்சில் டோக்கியோவை எரித்ததும் தீக்குண்டுதான். ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

போர் விட்டுவைத்த வௌவால்களைப் பூச்சிமருந்து பிடித்துக்கொண்டது. பூச்சி தின்னும் இனத்துக்கு டிடிடி வேறெப்படி இருக்கும்? 1936-ல் 87 லட்சம் என்றார்கள். அது மிகை என்று பின்னால் சொன்னாலும், 1973-ல் எஞ்சியது இரண்டு லட்சத்துச் சொச்சம். அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்திருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் மே கடைசியிலிருந்து அக்டோபருக்குள் போய்ப் பாருங்கள். குளிர் வந்தால் அவை மெக்சிகோ போய்விடும்.