எல்க் குன்றும் சிலந்தி நூலும்: துப்பாக்கி ஸ்கோப் பிறந்த கதை

ஊட்டியில் எல்க் ஹில் என்றொரு குன்று இருக்கிறது. மேலே முருகன் கோயில். பெயரில் இருக்கிற எல்க் மட்டும் அந்தக் குன்றில் என்றைக்கும் மேய்ந்ததில்லை. அமெரிக்கர்கள் எல்க் என்பது வாப்பிட்டி என்னும் பெரிய மானை. ஐரோப்பியர்கள் அதே சொல்லால் சொல்வது வேறொன்றை. அமெரிக்காவில் மூஸ் என்கிறார்களே, அதை. இரண்டும் குளிர்நாட்டுப் பிராணிகள். இங்கே வந்த துரைமார்கள் சோலை ஓரத்தில் கடமானைப் பார்த்தார்கள், உருவம் பெரிதாக இருந்தது, ஊர் ஞாபகத்தில் எல்க் என்று சொல்லிவிட்டார்கள். குன்றின் பெயரை அந்தப் பழக்கத்தின் மிச்சமாகத்தான் நான் பார்க்கிறேன். இலங்கையிலும் இதே கூத்துதான். நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் 1850களில் எழுதிய வேட்டைப் புத்தகத்தில் எல்க் எல்க் என்று வருவதெல்லாம், குமரிக்காரர்கள் மிளா என்றும் கொங்கில் நாம் கடமான் என்றும் சொல்கிற அதே பிராணிதான்.

இன்றைக்கு அமெரிக்காவில் எல்க் வேட்டைக்குக் கிளம்புகிறவர் துப்பாக்கியைவிட அதன் மேலே பூட்டுகிற ஸ்கோப்பைப் பற்றித்தான் அதிகம் விசாரிக்கிறார். எத்தனை மடங்கு, எவ்வளவு அகலக் கண்ணாடி, மழையில் நனைந்தால் என்ன ஆகும்? நம்மூரில் அந்த விசாரணைக்கு வேலையில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் சேர்ந்து கடமான் வேட்டையின் கதவை மூடிவிட்டன. ஆனாலும் ஸ்கோப் பிறந்து வளர்ந்த வழியைத் தேடிப் போனால், அதன் ஒவ்வொரு பாகமும் நம் கடமானின் குணத்தை மனத்தில் வைத்தே செய்தது போலத் தோன்றுகிறது. அந்தியில் வெளியே வருவது, மூட்டத்துக்குள் நிற்பது, நொடியில் சோலைக்குள் மறைவது.

கல்லூரி நாளில் என்.சி.சி.யில் பாயிண்ட் 22 ரைபிளைத் தரையில் படுத்துச் சுட்டவர்களுக்கு அடிப்படைச் சங்கடம் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில் பேக் சைட். குழாயின் நுனியில் ஃபோர் சைட். அதற்கப்பால் எங்கோ இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன; கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பிடிக்கும். ஃபோர் சைட்டைப் பார்த்தால் இலக்கு கலங்கும், இலக்கைப் பார்த்தால் ஃபோர் சைட் கரையும். நாற்பது வயதைத் தாண்டினால் பேக் சைட் வெறும் நிழல். ஸ்கோப் தீர்த்து வைத்தது இந்தச் சங்கடத்தை. தூரத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தது அதன் இரண்டாவது வேலை என்பது என் கணிப்பு.

அதற்கான வித்து துப்பாக்கிக்காரர்களிடம் விழவில்லை, வானம் பார்த்தவர்களிடம் விழுந்தது. கலிலியோவின் தொலைநோக்கியில் ஒரு குழிவில்லை உண்டு. அதன் குழாய்க்குள் பிம்பம் எங்கும் உருவாகி நிற்பதில்லை. 1611இல் கெப்ளர் இரண்டு குவிவில்லைகளை வைத்து ஒரு தொலைநோக்கியை எழுத்தில் வரைந்தார். அதில் பிம்பம் குழாய்க்கு நடுவே, காற்றிலேயே, ஒரு தளத்தில் வந்து உட்காரும். தலைகீழாக உட்காரும், அது வேறு. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் வில்லியம் கேஸ்காயின் என்றொருவர் 1639 வாக்கில் அப்படிப்பட்ட ஒரு குழாயை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் பார்த்தால் வானத்துக்குக் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று கூர்மையாகத் தெரிகிறது. உள்ளே சிலந்தி நூல் விட்டிருக்கிறது. அதுவும் பிம்பம் உட்காருகிற அதே தளத்தில். நூலும் பிம்பமும் ஒரே தெளிவில்! கேஸ்காயின் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். 1644இல் உள்நாட்டுப் போரில் மார்ஸ்டன் மூர் களத்தில் செத்துப்போனார். சிலந்தி காட்டிக்கொடுத்த குறுக்கிழை பிழைத்துக்கொண்டது. பிறகு நெடுங்காலம் கருவிக்காரர்கள் உண்மையிலேயே சிலந்தியைப் பிடித்து நூல் இழுத்து ஒட்டித்தான் குறுக்குக்கோடு செய்தார்கள்.

அந்தக் குறுக்குக்கோடு கொங்கு மண்ணுக்கு வந்தது துப்பாக்கியில் அல்ல. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னையில் தொடங்கிய பெரிய முக்கோண அளவை 1806இல் கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு வந்து இங்கே ஓர் அடிக்கோட்டை அளந்தது. குறுக்குக்கோடு போட்ட குழாயால் கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை. லண்டனில் செய்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி, மொரீஷியஸ் வழியாக மரியாதையாகத் திரும்பி வந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது மோதி வளைந்தது. அக்காலத்து அளவைக் குழாய்கள் பெரும்பாலும் காட்சியைத் தலைகீழாகத்தான் காட்டும். அளவைக்காரருக்கு அது ஒரு பொருட்டல்ல. கொடி எந்தப் பக்கம் நின்றால் என்ன, கோணம் சரியாக இருந்தால் போதும். ஓடுகிற மானைத் தலைகீழாகப் பார்த்துச் சுட முடியாது. நிமிர்த்திக் காட்ட நடுவே இன்னும் வில்லைகள் வேண்டும். குழாய் நீளும், ஒளி குறையும். ஸ்கோப் துப்பாக்கி மேல் ஏற இத்தனை காலம் பிடித்ததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் உதை. 1776இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓவியர் சார்லஸ் வில்சன் பீல், வானியலாளர் டேவிட் ரிட்டன்ஹவுஸின் துணையோடு ஒரு ரைபிளில் தொலைநோக்கி பொருத்திப் பார்த்தார். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைத்தது, குழாய் வந்து கண்ணில் இடித்தது. கண்ணைக் காப்பாற்ற ஸ்பிரிங் வைத்தெல்லாம் பார்த்தார்கள். கண்ணுக்கும் கடைசி வில்லைக்கும் நடுவே மூன்று, நான்கு அங்குலம் இடைவெளி விட்டாலும் முழுக் காட்சி தெரியும்படி ஸ்கோப்பை அமைக்கக் கற்ற பிறகுதான் இதற்கு விடிவு. இன்றும் கனமான ரைபிளில் முகத்தை ஒட்டிவைத்துச் சுடுகிறவர்களின் புருவத்தில் பிறை போல ஒரு வெட்டு விழும். அதைப் பார்த்தாலே ஆள் புதுசு என்று தெரிந்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கதை வேகமாக ஓடுகிறது. 1855இல் நியூயார்க் மாநிலத்து வில்லியம் மால்கம், நிறம் பிரியாத நல்ல வில்லைகளைப் போட்டு, ஏறக்குறைய ரைபிள் குழாய் அளவுக்கே நீளமான ஸ்கோப்புகளை விற்கத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் இருந்த டேவிட்சன் என்ற அதிகாரி வடிவமைத்த ஸ்கோப், விட்வொர்த் ரைபிளின் இடப்பக்கம் பூட்டப்பட்டு அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் போனது. போரில் ஸ்கோப் செய்ததைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் காட்டுப்பக்கம் திரும்புகிறேன்.

வேட்டைக்கு உதவுகிற முதல் உருப்படியான ஸ்கோப்பை 1880இல் செய்தவர் ஆஸ்திரியாவின் ஸ்ட்ரான்ஸ்டார்ஃப் ஊர்க்காரர் ஆகஸ்ட் ஃபீட்லர். தொழில்: ராய்ஸ் இளவரசரின் வன அதிகாரி. இது தற்செயலாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். காட்டில் வேலை பார்க்கிறவருக்குத்தான் மான் எந்த நேரத்தில் வெளியே வரும் என்று தெரியும். பகல் பன்னிரண்டு மணிக்கு வராது. விளக்கு வைக்கிற நேரத்தில் வரும், கருக்கலில் வரும். அந்த வெளிச்சத்தில் இரும்புக் குறி கண்ணுக்கே தெரியாது. ஸ்கோப்பில் தெரியும்.

ஏன் தெரிகிறது என்பதில்தான் இந்தப் பொருளின் சூட்சுமமே இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்க்கலாம். எந்த ஸ்கோப்பையும் பைனாகுலரையும் கை நீட்டி எட்டப் பிடித்து, வெளிச்சத்தை நோக்கி வைத்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் சின்ன ஒளிவட்டம் தெரியும். உள்ளே வருகிற ஒளி முழுவதும் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியேறுகிறது. அதன் அகலத்தைக் கணக்கிட முன் வில்லையின் அகலத்தை மடங்கால் வகுத்தால் போதும். 42 மில்லிமீட்டர் வில்லை, 6 மடங்கு என்றால் 7 மில்லிமீட்டர். 40 வில்லை, 10 மடங்கு என்றால் 4. மனிதக் கண்ணின் பாப்பா இருட்டில் விரிவது இளவயதில் 7 மில்லிமீட்டர் வரை, ஐம்பதை நெருங்கினால் 5 அளவுக்கு. ஒளிவட்டம் பாப்பாவைவிடச் சின்னதாக இருந்தால் அந்தியில் காட்சி மங்கும். மடங்கைக் கூட்டக் கூட்ட வட்டம் சுருங்கும், கூடவே பார்வைப் பரப்பும் சுருங்கும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் நாலு மடங்கு, ஆறு மடங்கோடு பல காலம் நிறுத்திக்கொண்டது சிக்கனத்தால் வந்ததல்ல. மடங்குதான் பெருமை என்பது கடைக்காரர்கள் வளர்த்துவிட்ட பேச்சு.

அடுத்த வளர்ச்சி கண்ணாடியின் மேலேயே நடந்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கிற ஒவ்வொரு முகமும் விழுகிற ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஸ்கோப்பில் அப்படிப் பத்து முகங்கள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வழியிலேயே போச்சு. 1935இல் ஜெர்மனியின் யேனா நகரில், சைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, வில்லை மேல் மிக மெல்லிய படலம் ஒன்றைப் பூசினால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும் என்று கண்டு காப்புரிமை பெற்றார். உலகப் போர்க் காலத்தில் அதை ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பைனாகுலரின் முன் கண்ணாடியில் ஊதாவும் பச்சையுமாக ஒரு மினுக்கு தெரிகிறதே, அது அந்தப் பூச்சின் வாரிசு.

மூட்டத்தின் கதை அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத்தில் முடிகிறது. மழையும் பனியும் ஓயாத ஊர். ஸ்கோப்புக்குள் ஈரம் புகுந்து வேர்த்துப்போனதால் மார்கஸ் லியுபோல்ட் ஒரு மானைத் தவறவிட்டார் என்று ஸ்கோப் செய்யும் லியுபோல்ட் நிறுவனத்தில் இன்றும் சொல்வார்கள். குழாயிலிருந்த ஈரக்காற்றை வெளியேற்றி, உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி, கசியாமல் அடைத்த ஸ்கோப்பை 1947இல் அவர்கள் வெளியிட்டார்கள். வால்பாறைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே ஒரு தென்மேற்குப் பருவம் தாண்டுவதற்குள் கேமரா லென்ஸுக்குள் பூஞ்சை நரம்பு ஓடிவிடும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவுக்குள் லென்ஸைப் பூட்டி வைப்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள்.

இவ்வளவு நடந்தும் நம் பக்கத்து வேட்டைக்காரர்கள் பலர் ஸ்கோப்பைச் சீந்தவில்லை. அந்தக் காலத்து ஸ்கோப் மழைக்கும் மூட்டத்துக்கும் தாங்காது என்பது ஒன்று. பெரிய காரணம் தூரம். சோலைக்குள் முப்பது கஜத்துக்கு மேல் பார்வை போகாது. அங்கே புலியோ காட்டெருமையோ பாய்ந்தால் குழாய்க்குள் கண்ணை விட்டுத் தேட நேரமிருக்காது. திம்பம், தாளவாடிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்த பாயிண்ட் 405 வின்செஸ்டர் கிட்டத்து வேலைக்கான ரைபிள். பேக்கரோ நுவரெலியாவில் கடமானை நாய்களை விட்டு மடக்கிக் கத்தியால் குத்தினார். அதற்கு ஸ்கோப் எதற்கு?

ஸ்கோப் இல்லாமலே அழிவு நடந்தது. 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1868 வரை நீலகிரி பெரும்பாலும் நம் மாவட்டத்தோடுதான் இருந்தது. அறுபது ஆண்டுக்குள் வேட்டை மிஞ்சிப்போய், சுட்டவர்களே கூடி 1877இல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் நீலகிரி விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எல்லாம் திறந்த இரும்புக் குறியோடு திரிந்த காலத்தின் வேலை.

இன்று கோவையில் சட்டப்படி ரைபிள் பிடிப்பவர்கள் பெரும்பாலும் போட்டிக்காரர்கள். அவர்களுக்கும் ஸ்கோப் கிடையாது. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக் குறி அனுமதியில்லை. துளை வழியாகப் பார்க்கும் குறிதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அந்தத் துளை வழியாகப் பார்த்துத்தான்.

எனவே எல்க்குக்கு எந்த ஸ்கோப் என்று என்னைக் கேட்டால், 6 மடங்கு, 42 மில்லிமீட்டர், நைட்ரஜன் அடைத்தது என்பேன். கேட்கிறவர் அமெரிக்காவில் இருக்க வேண்டும். பொள்ளாச்சியில் இருப்பவருக்கு அதே வகுத்தல் கணக்கு பைனாகுலர் கடையில் உதவும். சட்டைப்பையில் அடங்குகிறது என்று 10×25 வாங்கிவிடாதீர்கள். ஒளிவட்டம் இரண்டரை மில்லிமீட்டர்தான், டாப்ஸ்லிப்பில் மாலை ஆறு மணிக்குக் கடமான் வெறும் கறுப்புப் புதர். 8×42 வாங்குங்கள். 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். கொம்பு கணக்காகத் தெரியும்.