பீதிக் கொள்முதல்

பீதிக் கொள்முதல் என்பது, தட்டுப்பாடு வருமென்ற அச்சத்தில் நுகர்வோர் தேவைக்கு மிஞ்சிப் பொருள்களை வாங்கிக் குவிப்பது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி மூண்டபோது, காகிதத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி ஜப்பான் அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. சில நாள்களில், ஒசாகாவை அடுத்த சென்ரி புதுநகர்க் கடையொன்றில் கழிவறைக் காகிதம் வாங்க நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். செய்தி பரவியதும் நாட்டின் பல பகுதிகளில் கடைத்தட்டுகள் காலியாயின. உற்பத்தியோ குறையவில்லை.

இதை மந்தைப் புத்தி என்று ஒதுக்குவது எளிது, ஆனால் தவறு. பிறர் வாங்கிக் குவிப்பார்கள் என்று எதிர்பார்ப்பவருக்கு முந்திக்கொள்வதே விவேகம். வதந்தியை நம்பாதவரும் வரிசையில் நிற்பது அதனால்தான். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948இல் விளக்கிய, தன்னைத்தானே மெய்யாக்கிக்கொள்ளும் கணிப்பு இதுவே. அப்படியானால் எல்லாப் பொருளும் அல்லவா தீர வேண்டும் என்று கேட்கலாம். கழிவறைக் காகிதம் கெட்டுப்போகாது. பழகியவர்களுக்கு எளிய மாற்றும் இல்லை. தவிர, இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் சிலர் கூடுதலாக வாங்கினாலே தட்டு வெறிச்சோடி அடுத்தவரைக் கலங்கடிக்கும். ஊடகங்களே காரணம் என்ற வாதம் பாதி உண்மை. வெற்றுத் தட்டைக் கண்ணால் கண்டவருக்குச் செய்தித்தாள் எதற்கு? இப்படி முந்திக்கொள்வதைத் தடுக்கவே, 2020 மார்ச்சில், கொரோனா பரவலின்போது, ஆஸ்திரேலியப் பேரங்காடிகள் ஒருவருக்கு இத்தனை பொதி கழிவறைக் காகிதம் என உச்சவரம்பு விதித்தன.